ஸ்பீக்கரை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போன ராத்திரி

போன தீபாவளி போனஸில் வீட்டுச் செலவெல்லாம் போக 40,000 ரூபாய் மிஞ்சியது. அதை என் பாட்டு செட்டுக்கென்று வைத்துக்கொள்ள மனைவியும் சரி என்றுவிட்டாள். பணம் கையில் இருந்தது. எதை முதலில் மாற்றுவது என்பதுதான் தெரியவில்லை.

என்னிடம் இருப்பவை இவ்வளவுதான்: 2020இல் வாங்கிய ஆடியோ டெக்னிக்கா டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி), ஒரு பழைய சிடி பிளேயர், செகண்ட்ஹேண்டில் எடுத்த 40 வாட் ஆம்ப்ளிஃபயர், கீழ் ஒலிக்கென்று ஆறரை அங்குல வூஃபர் வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள். குறை என்று எனக்குப் பட்டவை இரண்டு. எல்பி இசைத்தட்டில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் காதைக் கீறியது. இரண்டாவது, மிருதங்கத்தின் தொப்பி, அதாவது அதன் இடது பக்கத்துச் சத்தம்.

ஒன்பது வயது முதல் பதினேழு வயது வரை ஸ்ரீரங்கத்தில் ஒரு வாத்தியாரிடம் மிருதங்கம் படித்தேன். கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடது பக்கத்தில் அப்புவது என் வேலை. அந்த ரவைதான் தொப்பிக்கு அதன் கனத்தைக் கொடுக்கிறது. அப்புறம் 'தும்' என்று தட்டினால் அந்தச் சத்தத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கும். மணிக்கட்டை அழுத்திக் கும்கி கொடுக்கும்போது அது வளைந்து மேலே ஏறுவது தெரியும். என் ஹாலில் இதெல்லாம் சேர்ந்து ஒரே மூட்டமாக ஒலித்தது. தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தால் எழுந்துபோய் பாஸை, அதாவது கீழ் ஒலியை, குறைப்பேன். குறைத்தால் மிருதங்கமே பாதியாகிவிடும்.

ஆம்ப்ளிஃபயரை மாற்றுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். 80 வாட்டில் ஒன்றைப் பார்த்தும் வைத்தாயிற்று. மலைக்கோட்டைப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் முப்பது வருஷமாக இதே தொழிலில் இருப்பவர். அவரிடம் சொன்னேன். அவர் விலையெல்லாம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நீங்க எப்பவும் கேக்குற சத்தத்துல வைங்க."

வைத்தேன். ஸ்பீக்கர் வயரில் மீட்டரைப் பிடித்துப் பார்த்தார். ஏசி மின்னழுத்தம் இரண்டு வோல்ட்டைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது, மூன்றைத் தொட்டதே அபூர்வம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட். சட்டென்று வந்து போகும் அடிகளை இந்த மீட்டர் முழுசாகக் காட்டாது என்பதையும் அவரே சொன்னார். அதற்காகப் பத்து மடங்கு தாராளமாகக் கணக்குப் போட்டால்கூட 40 வாட்டில் பாதியை நான் தாண்டவில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது மூன்று டெசிபல்தான். வால்யூமைக் கொஞ்சம் திருப்பின மாதிரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஆம்ப்ளிஃபயர் சும்மா உக்காந்திருக்கு. அதை எதுக்கு மாத்தறீங்க? எங்க கெடுதுன்னு முதல்ல பாருங்க" என்றார்.

எப்படிப் பார்ப்பது என்பதையும் அவரேதான் கற்றுக்கொடுத்தார். பைசா செலவில்லை. ஒரே கச்சேரி எல்பியாகவும் சிடியாகவும் என்னிடம் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். சிடியில் அந்தக் கீறல் இல்லவே இல்லை. ஆக, அது டர்ன்டேபிள் பக்கத்துக் கோளாறு. தொப்பியின் மூட்டம் சிடியிலும் அப்படியே இருந்தது. அடுத்து, அதே ஆம்ப்ளிஃபயரில் ஹெட்போனைச் செருகிக் கேட்டேன். தொப்பி தெளிவாக இருந்தது. கும்கி வளைவது கேட்டது. அப்படியென்றால் ஆம்ப்ளிஃபயர் வரை எல்லாம் சரியாகத்தான் வருகிறது. ஸ்பீக்கரிலோ அறையிலோதான் கெடுகிறது. இரண்டில் எது?

"ராத்திரி மாடிக்கு எடுத்துட்டுப் போய்க் கேளுங்க தம்பி. அங்க சுவர் கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று பத்து மணிக்கு நானும் மகளும் இரண்டு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குத் தூக்கினோம். இரண்டு ஸ்டூல் போட்டு ஸ்பீக்கரை வைத்தோம். அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டுமே என்று சத்தத்தைக் குறைத்தே வைத்தேன். தனி ஆவர்த்தனம் வந்தது. கனம் குறைந்திருந்தது உண்மைதான், திறந்தவெளியில் அது அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. தட்டினார், நின்றது. தட்டினார், நின்றது. "அப்பா, ஒண்ணு ஒண்ணா எண்ணலாம் போல இருக்கு" என்றாள் மகள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாலு வருஷமாக என் செட்டில்தான் குறை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஹாலை டேப் வைத்து அளந்தேன். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அது போய்த் திரும்பும் கணக்கில், 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் அறை தானே சேர்ந்து முழங்கும். அகலமும் உயரமும் ஒன்றாகிவிட்டதால் அந்த 56இல் இரட்டை அடி. அதன் மடங்கான 112இலும் அதே கதை. போதாக்குறைக்கு ஸ்பீக்கர் இரண்டையும் ஷோகேஸ் மேல், சுவர் மூலையில் ஒட்டி வைத்திருந்தேன். மூலையில் வைத்தால் கீழ் ஸ்தாயி இன்னும் வீங்கும். நம் வீடுகளில் சுவர் செங்கல், தரை டைல்ஸ், மேலே கான்கிரீட். ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. வெளிநாட்டு ஆலோசனைகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் வைத்துக் கட்டிய வீடுகளில் சுவரே கொஞ்சம் அதிர்ந்து கீழ் ஒலியை வாங்கிக்கொள்ளும். செங்கல் சுவர் வாங்கிக்கொள்வதில்லை.

பட்டறையில் சொல்லி இரும்பில் இரண்டு ஸ்டாண்ட் செய்தேன், 24 அங்குல உயரம். நாற்காலியில் உட்கார்ந்தால் மேல் ஒலிக்கான ட்வீட்டர் காதுக்கு நேராக வருகிறது. பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னால் தள்ளினேன். தரையில் பவானி ஜமக்காளம் விரித்தேன். அது மெலிசு, மேல் ஒலியின் பளபளப்பைத்தான் அடக்கும். கீழே இறங்க இறங்கத் தடிமன் வேண்டும். அதனால் அம்மாவின் பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைச் சுருட்டி மூலைக்கு ஒன்றாக நிறுத்தினேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. துணி வாங்கி உறை தைத்தபிறகு சம்மதித்தாள். மூட்டம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மாடியில் கேட்ட அளவுக்கு வராது. ஆனால் கும்கி திரும்பி வந்துவிட்டது. பாஸ் குமிழை இப்போது நான் தொடுவதே இல்லை.

இனி அந்தக் கீறல். டர்ன்டேபிளோடு வந்தது விஎம்95ஈ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பகுதி), நீள்வட்ட முனை ஊசி. அந்த ஊசிக்கு 300 மணி நேர ஆயுள் என்று கம்பெனியே கணக்குச் சொல்கிறது. வாரத்தில் நாலு நாள், நாளுக்கு ஒரு எல்பி, நாற்பது நிமிஷம். நாலு வருஷத்தில் 550 மணிக்கு மேல் ஓட்டியிருக்கிறேன்! தேய்ந்த ஊசி பாட்டைக் கெடுப்பதோடு நிற்காது, தட்டின் பள்ளத்தையும் அரிக்கும். எல்பி சுற்றுகிற வேகம் எப்போதும் ஒன்றுதான் என்றாலும், வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்ளே போகப்போக அது இருபது சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே ஒலி அவ்வளவு சின்ன இடத்தில் நெருக்கிச் செதுக்கப்பட்டிருப்பதால், தேய்ந்த முனை முதலில் தடுமாறுவது கடைசிப் பாட்டில்தான். கார்ட்ரிட்ஜின் உடலை மாற்ற வேண்டியதில்லை. அதே வரிசையில் இன்னும் நுண்ணிய முனை கொண்ட மைக்ரோலீனியர் ஊசியை வாங்கிச் செருகினேன், அதற்கு ஆயிரம் மணி நேரம். ஊசி தட்டை அழுத்தும் எடையைச் சின்னத் தராசில் பார்த்து இரண்டு கிராமுக்குச் சரிசெய்தேன். கீறல் போனது. என் தட்டுகளில் சில பழைய ஊசியால் ஏற்கெனவே அரிபட்டிருக்கின்றன, அவற்றில் இன்னும் லேசாகக் கேட்கிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

1970களில் ஸ்காட்லாந்தின் லின் கம்பெனியை ஆரம்பித்த ஐவர் டீஃபன்புரூன் டர்ன்டேபிள்தான் முதல், ஸ்பீக்கர் கடைசி என்றார். தட்டிலிருந்து எடுக்கும்போது தொலைந்ததைப் பிறகு எதுவும் மீட்டுத்தராது என்பது அவர் வாதம். கனடாவில் ஃபிளாய்ட் டூல், கேட்பவர்களுக்கு ஸ்பீக்கர் எதுவென்று தெரியாதபடி மறைத்து வைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்தவர். அவருடைய ஆராய்ச்சி ஸ்பீக்கரையும் அறையையும் நோக்கித்தான் கையைக் காட்டுகிறது. எல்பி கேட்கிற எனக்கு இரண்டு பேர் சொன்னதும் பொருந்துகிறது. அசைவு மின்சாரமாக மாறும் ஊசிமுனையிலும், மின்சாரம் திரும்ப அசைவாக மாறும் ஸ்பீக்கரிலும்தான் பெரிய பிழைகள் நுழைகின்றன. சிடியும் போனும் மட்டும் கேட்பவர் என்றால், நான் ஸ்பீக்கரிலிருந்தே தொடங்கச் சொல்வேன்.

ஸ்டாண்டுக்கும் ஊசிக்கும் உறைக்கும் போக, 40,000இல் பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது. அடுத்தது ஸ்பீக்கர்தான். இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு பங்குனியில் சென்னை போய்க் கேட்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். அந்தத் தனி ஆவர்த்தன சிடியைக் கையோடு கொண்டுபோகிறேன். கடைக்காரரிடம் போனிலேயே சொல்லிவிட்டேன், ஸ்பீக்கரை மூலையில் வைக்காமல் முன்னால் இழுத்துப் போட்டுக் காட்டச் சொல்லி. மகளும் வருகிறாள். எண்ணுவதற்கு அவள் வேண்டும்.