தாய்வீட்டுக் கைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள்

புதுச்சேரியில் மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். படித்தபோது நான் எடுத்த ஆய்வுத் தலைப்பு எளிமையானது. சுகப்பிரசவத்தில் எத்தனை மில்லி ரத்தம் போகிறது, ஆறு வாரம் கழித்து அந்தத் தாயின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதுதான் அது. இப்போது தலைப்புத் தேடுகிறவர்களும் லேபர் வார்டில் தினமும் கண்ணில் படுவதையே எடுங்கள். அரிய நோயை எடுத்தால் படிப்பு முடிவதற்குள் பத்துப் பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆய்வேட்டைத் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்தாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற மாதிரி அளவுக்கு எல்லோரும் போடும் 4 × பி × கியூ ÷ டி² கணக்கைத்தான் நானும் போட்டேன். பி (எதிர்பார்க்கும் சதவீதம்) 10, கியூ (நூற்றில் மீதி) 90, டி (ஏற்கக்கூடிய பிழை) 5 என்று வைத்தால் 144 வரும். பாதியில் விடுபடுவோருக்காகப் பத்து சதவீதம் சேர்த்து 160 என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பத்து சதவீதம் எங்கள் ஊர் வழக்கம் தெரியாத கணக்கு.

முதலில் சேர்ந்த முப்பது பேரில் பாதிப் பேர் ஆறாவது வாரம் வரவில்லை. படிவத்தில் இருந்ததோ கணவரின் கைபேசி எண். அழைத்தால் அவர் சென்னையில் வேலையில் இருப்பார். "அவள் பண்ருட்டியில் அம்மா வீட்டில் இருக்கிறாள்" என்பார். தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு, குழந்தைக்கு மூன்று மாதமாவது ஆகாமல் திரும்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் படிவத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

பிறகு மாற்றினேன். பிரசவத்துக்குப் பின் தங்கப்போகும் ஊர், அங்குள்ள ஒருவரின் எண், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதினேன். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி உண்டு. கடலூர் மாவட்டக் கிராமங்களில் அதைப் புதன்கிழமை போடுவார்கள். நான் ரத்தம் எடுக்கும் நாளை அதோடு சேர்த்துக்கொண்டேன். ஊசிக்கு வராத தாய் அரிது. ஆனால் இப்படி மாற்றுவதற்கு முன் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் எழுதி அனுமதி வாங்குங்கள். வாய்மொழிச் சம்மதம் செல்லாது. சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வானால், முதல் பெண்ணைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்னால் பதிய வழியில்லை.

ஒப்புதலைப் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் கேட்காதீர்கள். 36வது வாரப் பரிசோதனைக்கு வரும்போது உட்காரவைத்துச் சொல்லுங்கள். "இதற்காக அதிகமாக ரத்தம் எடுப்பீர்களா டாக்டரம்மா?" என்று கூட வந்த அம்மா கேட்பார். கேட்கட்டும். படிக்கத் தெரியாதவரானால் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்க வேண்டும்.

ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். குழந்தை பிறந்து பனிக்குட நீர் வடிந்ததும், அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் இடுப்புக்கடியில் விரிப்போம். கர்நாடகத்தின் பெளகாவி மாவட்டக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான, பிரசவ ரத்தப்போக்கைக் குறைக்கும் மிசோபுரோஸ்டால் மாத்திரை பற்றிய ஆய்விலும் இப்படித்தான் அளந்தார்கள். மாத்திரை பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 12 சதவீதம் பேருக்கும் அதிக ரத்தப்போக்கு இருந்தது. வெறும் கண் மதிப்பீட்டில் இந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா?

நெல்லிக்குப்பம் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு நான் 300 மில்லி என்று மனதில் நினைத்தபோது விரிப்பு 650 காட்டியது. உடனே சிகிச்சை கொடுத்து, ரத்தப்போக்கு நின்று, இரும்புச்சத்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினோம். ஆறாவது வாரம் அவள் வரவில்லை. தாய்வீட்டு எண் இருந்ததால் தேடிப் போனேன். தூளியில் குழந்தை தூங்கியது. தூளியை ஆட்டிய நாலு ஆட்டுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. இமையை விலக்கினால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7.8.

"மலம் கறுப்பாகப் போனது, பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டோம்" என்றார் அவள் அம்மா. அது மாத்திரையால் வருவதுதான், கெடுதல் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை. மறுநாளே அவளை வரவழைத்து இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினோம். வராதவர்கள் பட்டியலில் அவளை விட்டிருந்தால், என் அட்டவணையில் சராசரி ஹீமோகுளோபின் இன்னும் அழகாக இருந்திருக்கும்.