மும்பைக் கடற்கழிகளுக்கு ஏற்ற பெடல் கயாக்

மும்பையில் தூண்டில் போடுவதற்காக, காலால் மிதித்து ஓட்டும் சிறு படகான பெடல் கயாக் வாங்க நினைக்கும் நண்பர்கள், கோல் தாங்கிகள் எத்தனை, மீன் காட்டும் கருவியை எங்கே பொருத்துவது, நாற்காலி எவ்வளவு சொகுசானது என்ற கேள்விகளோடு வருகிறார்கள். நான் அவர்களிடம், கடல் நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை நீட்டுவேன். சென்னைக் கடற்கரையில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீட்டரையும் தாண்டிவிடும். நண்பகலில் கண்டல் மரங்களின் கிளை வரை தளும்பிய நீர், அந்திக்குள் வடிந்து, முழங்காலைத் தாண்டிப் புதையும் சேற்றை விட்டுச் செல்கிறது. அந்தச் சேற்றுக்கும் அந்த நீரோட்டத்துக்கும் பொருந்தாத கயாக், அதன் மேல் எத்தனை வசதிகள் இருந்தாலும் இந்த ஊருக்கு ஆகாது.

நீர் சீராக வடிவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாலுமிகளின் பழைய கணக்குப்படி, வடியும் ஆறு மணி நேரத்தில் முதல் மணிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கும், அடுத்த மணிக்கு இரண்டு பங்கும், மூன்றாம், நான்காம் மணிகளுக்கு மும்மூன்று பங்கும் நீர் இறங்குகிறது. ஆகவே மொத்தத்தில் பாதி, நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே வெளியேறிவிடுகிறது. மனோரி, கோராய் போன்ற குறுகிய கழிகளில் நீரோட்டம் முரட்டுத்தனமாக இருப்பது அப்போதுதான். களைப்பில்லாமல் மிதிக்கும் ஒருவர் மணிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம். எதிர் நீரோட்டம் நான்கு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கரையை நோக்கி அவர் உண்மையில் நகர்வது நடப்பவரைவிட மெதுவாகத்தான். தமிழ் நாட்காட்டியில் அட்டமி, நவமி என்று அச்சிட்டிருக்கும் நாட்களில் ஓதத்தின் வீச்சு குறைவாக இருக்கும். நல்ல காரியங்களுக்கு ஆகாதென்று வீட்டில் தவிர்க்கும் அந்த நாட்களே புதிதாக மிதிக்கப் பழகுகிறவருக்கு உகந்தவை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

இதனால் படகின் நீளத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடைகளில் அதிகம் காட்டப்படும் பத்தடிப் படகு, ஏரிக்குப் போதுமானது. நீர்க்கோட்டின் நீளம் கூடக்கூடப் படகின் உச்ச வேகமும் கூடும் என்பதால், இங்கே பன்னிரண்டு முதல் பதின்மூன்று அடி நீளமுள்ளதே எதிர் நீரோட்டத்தில் கைகொடுக்கும். அகலத்தில் முப்பத்து நான்கு அங்குலம் போதும். எழுந்து நின்று வீச விரும்புகிறவர்கள் முப்பத்தெட்டு அங்குலத்தை நாடுகிறார்கள். அந்த அகலம் ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் உழைப்பைக் கேட்கும், காற்றுக்கும் கூடுதல் இடம் கொடுக்கும். குளிர்காலக் காலைகளில் நிலத்திலிருந்து வீசும் இளங்காற்று, பிற்பகலில் திசை மாறி வடமேற்கிலிருந்து கடற்காற்றாக எழும் இந்த ஊரில் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மிதி இயந்திரம். சந்தையில் இரு வகைகள் உள்ளன. ஹோபி நிறுவனம் 1997இல் அறிமுகப்படுத்திய மிராஜ் டிரைவ் வகையில், கால்களை மாறி மாறி முன்னே தள்ளும்போது படகின் அடியிலுள்ள, மீனின் துடுப்பு போன்ற இரண்டு செதில்கள் பக்கவாட்டில் வீசி அசைகின்றன. மற்ற வகையில் சைக்கிள்போல் சுற்றி மிதித்தால் பற்சக்கரப் பெட்டி வழியாக நீருக்கடியில் ஒரு காற்றாடி (புரொப்பெல்லர்) சுழல்கிறது; ஓல்டு டவுன் நிறுவனத்தின் பிடிஎல் அப்படிப்பட்டது. காற்றாடியின் பெரும் சிறப்பு, பின்னோக்கி மிதித்த அந்தக் கணமே படகு பின்னால் நகர்வது. கண்டல் வேர்களை ஒட்டித் தூண்டிலில் சிக்கிய கொடுவா வேருக்குள் பாய முயலும்போது, இரு கைகளும் கோலிலேயே இருக்க, கால்களாலேயே படகைப் பின்னே இழுத்து மீனை வெளியே கொண்டுவரலாம். செதில் வகையின் தொடக்க மாதிரிகளில் இந்த வசதி இல்லை. பின்னர் வந்த 180 என்னும் மாதிரியில் ஒரு கயிற்றை இழுத்துச் செதில்களின் திசையை மாற்றிப் பின்னோக்கிப் போகலாம் என்றாலும், அதற்கு ஒரு கை தேவைப்படுகிறது, மீன் அதுவரை காத்திருப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் மும்பைக் கழிகளுக்குச் செதில் வகையையே நான் பரிந்துரைப்பேன். இங்கே நீரில் பிளாஸ்டிக் பைகள் மிதக்கின்றன, அறுந்த தங்கூஸ் நரம்புகள் அலைகின்றன, இவ்வூர்க் கோலி இன மீனவர்கள் நீரோட்டத்தின் குறுக்கே கட்டிய வலைகள் நிற்கின்றன. சுழலும் காற்றாடி இவற்றைச் சுருட்டி அச்சில் இறுக்கிக்கொள்ளும். கத்தியோடு குனிந்து அறுக்க வேண்டிவரும், அதற்குள் நீரோட்டம் படகை வலையின் மேலேயே கொண்டுபோய் விடும். செதிலில் மாட்டிய பை பெரும்பாலும் இரண்டு முறை எதிர்த்திசையில் அசைத்தால் நழுவிப் போகிறது. ஒரு மிதியை முழுவதும் முன்னே தள்ளினால் செதில்கள் படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிப் படுத்துக்கொள்வதால், முழங்கால் ஆழ நீரிலும் சேற்றைத் தொடாமல் கடக்கலாம். காற்றாடியை ஒவ்வொரு முறையும் மேலே தூக்க வேண்டும். ஆனால் செதில்களைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் பாறையில் மோதினால் வளைந்துவிடும். ஆகவே மும்பைக்குத் தெற்கே ரேவ்தண்டா, முருட் பக்கம் பாறைக் கரைகளிலேயே மீன் பிடிப்பவருக்கு என் பரிந்துரை பொருந்தாது. எந்த வகையானாலும் துடுப்பு ஒன்று படகில் இருக்கட்டும். இயந்திரத்தையும் ஒரு கயிற்றால் படகோடு கட்டிவைக்க வேண்டும். கவிழ்ந்தால் முதலில் கடலுக்குள் போவது அதுதான்.

எடையைப் பற்றி விற்பவர்கள் பேசுவது குறைவு. சுழல் வார்ப்பு பாலிஎத்திலீனில் செய்த இப்படகுகள் நாற்காலியும் இயந்திரமும் சேர்ந்தால் நாற்பது கிலோவைத் தாண்டும். பெரியவை அறுபதையும் தாண்டும். பன்னிரண்டடிப் படகு எந்த அடுக்குமாடிச் சொசைட்டியின் லிஃப்டிலும் நுழையாது. தரைத் தளத்தில் வாகன நிறுத்துமிடம் இல்லாதவர்கள் கடலோரத்தில் வாடகைக்கு இடம் தேட வேண்டியதுதான். செம்பூரில் எங்கள் கட்டடத்தில் வசிக்கும் தூத்துக்குடிக்காரப் பெரியவர் ஒருவர், நான் காட்டிய பெரிய மாதிரியின் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணியில எறக்கவே ரெண்டு பேரு வேணும்னா இது ஒத்தை ஆளு படகு இல்லையே" என்றார். தனியாகப் போகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பாதி மாதிரிகளைத் தள்ளிவிடலாம். சக்கர வண்டியும் சேற்றில் உதவாது. சிமெண்டுச் சரிவுள்ள படகுத்துறையைக் கண்டுபிடித்து, அங்குள்ள மீனவர் சங்கத்தாரிடம் கேட்டுக்கொண்டு இறக்குவதே நடைமுறை.

உப்பைப் பொறுத்தவரை, திருகுகளும் அச்சுகளும் 304 அல்ல, உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள். அலுமினியத்தில் எஃகுத் திருகு நேரடியாகப் பதிந்திருந்தால் உப்பு நீரில் அலுமினியம் விரைவில் பொடியும். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை வெளியே எடுத்து நன்னீரில் கழுவியாக வேண்டும். உதிரிபாகங்கள் எங்கிருந்து, எத்தனை வாரத்தில் வரும் என்பதற்கு நேரான பதில் தராத கடையில் நான் வாங்க மாட்டேன். இறக்குமதியான பற்சக்கரப் பெட்டி பழுதானால் படகு முழுவதும் முடங்கிவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் நமக்கு இல்லை. மற்ற மாதங்களிலும் டிராம்பேயின் அணுமையத்தை ஒட்டிய கரை, கடற்படைத் தளங்கள், 2015இல் அறிவிக்கப்பட்ட தானே கழி பூநாரைச் சரணாலயம் ஆகியவற்றை விட்டு விலகியே இருக்க வேண்டும். 2008 நவம்பரில் தாக்கியவர்கள் கடல் வழியாக வந்த நகரம் இது. அறிமுகமில்லாத சிறு படகைக் காவலர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமே. புறப்படும் முன் கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. படகு மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும்; பச்சையும் சாம்பலும் படத்தில் அழகாக இருக்கும், விசைப்படகு ஓட்டுபவரின் கண்ணில் படாது.

பணம் கொடுப்பதற்கு முன், கடைக்காரரை நீரில் வைத்தே ஒரு சோதனைக்கு ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். படகு மிதந்துகொண்டிருக்கும்போது நீங்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே இயந்திரத்தைக் கழற்றி, வெளியே எடுத்து, மீண்டும் பொருத்திப் பாருங்கள். பிறகு இயந்திரம் இல்லாமல் துடுப்பால் மட்டும் நூறு மீட்டர் எதிர்க்காற்றில் செலுத்திப் பாருங்கள். இவ்விரண்டையும் சிரமமில்லாமல் செய்ய முடிந்த மாதிரிகளின் விலையை மட்டும் விசாரித்தால் போதும்.