பிழையா, தடயமா? சரித்திர மர்ம நாவல் எடிட்டிங் சோதனைக்கு நான் படித்த விதம்

ஃப்ரீலான்ஸ் எடிட்டராக எடுத்துக்கொள்ளும் முன் ஒரு சோதனைப் பிரதியைத் திருத்தச் சொல்வார்கள். எனக்கு வந்த முதல் சோதனை, ஒரு சரித்திர மர்ம நாவலின் முதல் நான்கு அத்தியாயங்கள். மூன்று மணி நேரம். கூடவே ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் இருந்தது. அந்தச் சோதனையில் நான் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்பதிலிருந்து தொடங்கினால்தான் பிறகு நான் படித்த விதம் உங்களுக்கு விளங்கும்.

நேரம் போதாது என்று கதைச்சுருக்கத்தை ஒதுக்கிவிட்டு முதல் வரியிலிருந்தே திருத்த ஆரம்பித்தேன். வல்லினம் மிகும் இடம், மிகா இடம், ஒருமை பன்மை மயக்கம் எல்லாம் வேகமாகச் சரியாகிக்கொண்டு வந்தன. இரண்டாம் அத்தியாயத்தில் அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் இரவு ஒரு கொலை நடக்கிறது. நான்காம் அத்தியாயத்தில் கோட்டைக் காவலன், "நடுச்சாமத்தில் நிலா வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன்" என்று சாட்சி சொல்கிறான். மூன்றாம் பிறை பொழுது சாய்ந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் மறைந்துவிடும். நடுச்சாமத்தில் வானத்தில் நிலாவே இருக்காது. பெரிய பிழையைப் பிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியில் 'அமாவாசை'யைப் 'பௌர்ணமி' ஆக்கினேன்.

காவலன் பொய் சொல்கிறான் என்பதுதான் கதையின் முடிச்சே. ஒதுக்கிவைத்த அந்த ஒரு பக்கத்தில் அது எழுதியிருந்தது. ஆசிரியர் பார்த்துப் பார்த்து வைத்த தடயத்தை நான் துடைத்துவிட்டேன்.

அன்றைக்குப் புரிந்த ஒன்றைச் சுற்றியே பிறகு என் படிப்பெல்லாம் அமைந்தது. மர்ம நாவலில் பிழையும் தடயமும் ஒரே முகத்தோடு வரும். இரண்டையும் பிரித்தறியும் வரை பேனாவைத் தொடக் கூடாது.

முதல் வேலையாக, ஏற்கெனவே வாசித்து முடித்த மர்ம நாவல்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று பத்தி (column) கொண்ட அட்டவணை போட்டேன். உண்மையில் நடந்தது என்ன, அந்த இடத்தில் வாசகருக்குச் சொல்லப்பட்டது என்ன, அந்த நேரத்தில் யாருக்கு எது தெரியும். மூன்றாவது பத்திதான் கடினம், பயனும் அதில்தான் அதிகம். ஒன்பதாம் அத்தியாயத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியை ஏழாம் அத்தியாயத்திலேயே ஒருவர் பேசிவிட்டால், ஒன்று அவர் குற்றவாளி, அல்லது ஆசிரியர் அத்தியாயங்களை இடம் மாற்றும்போது விட்டுப்போன பிசிறு. எது என்று அட்டவணை காட்டிவிடும். ஐந்து நாவல்களுக்கு இப்படிப் போட்டு முடித்தபோது, கதையைக் குற்றவாளியின் பக்கமிருந்து வாசிக்கும் பழக்கம் வந்திருந்தது. அவர் இந்தக் காட்சியில் எங்கே நிற்கிறார், எதை மறைக்கிறார், ஏன் இப்போது பேசுகிறார்?

மர்மக் கதைக்கான நேர்மை விதிகளையும் படித்தேன். 1929ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில மர்மக் கதை எழுத்தாளர் வகுத்த பத்து விதிகளில் சில இன்று காலாவதியாகிவிட்டன. ஆனால் துப்பறிபவர் கண்ட தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும், இதுவரை யாரும் கண்டறியாத விஷத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பவை என் மேசையில் இப்போதும் இருக்கின்றன. காவலனின் பொய்யைக் கண்டுகொள்ள வேண்டிய பிறைக் கணக்கை ஆசிரியர் இரண்டாம் அத்தியாயத்திலேயே கொடுத்திருந்தார். அது நேர்மையான ஆட்டம். அதைத்தான் நான் கெடுத்தேன்.

சரித்திரப் பகுதிக்குப் படிப்பது வேறு மாதிரி. ஆண்டுகளை மொத்தமாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. கதைகளில் அடிக்கடி வரும் பொருள்களுக்கு ஒரு நோட்டுப் போட்டு, எது எப்போது வந்தது என்று எழுதி வைத்தேன். உரசித் தீப்பிடிக்கும் தீக்குச்சி 1827ல் விற்பனைக்கு வந்தது. மிகச் சிறிதளவு ஆர்சனிக் விஷத்தையும் காட்டிக்கொடுக்கும் மார்ஷ் சோதனை 1836ல் வெளியானது. கைரேகையை வைத்துக் கொலையாளியைக் கண்டுபிடித்த முதல் வழக்கு 1892ல் அர்ஜென்டினாவில் நடந்தது; லண்டன் காவல்துறையின் கைரேகைப் பிரிவு 1901ல் தொடங்கியது. மரபணுவை வைத்து ஆளை அடையாளம் காணும் முறை 1984ல் கண்டறியப்பட்டது. நாட்காட்டியும் அந்த நோட்டில் உண்டு. பிரிட்டனில் நாட்காட்டி மாறியபோது 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. அந்த வாரத்தில் கதாபாத்திரங்களை அலைய விட்ட ஒரு பிரதி எனக்கு வந்தது. இந்த ஒரு குறிப்பு அதில் பதினொரு நாள் குழப்பத்தைத் தீர்த்தது.

காலக் கணக்கில் நம் பழைய அளவுகளைக் கட்டாயம் படித்துக்கொள்ளுங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். ஒரு நாழிகையை ஒரு மணி நேரம் என்று நினைத்து எழுதிய பிரதிகள் நிறைய வருகின்றன. மர்மக் கதையில் அந்தப் பிழை, கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்ததாகச் சொல்பவரின் கதையையே தலைகீழாக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சொற்களின் வயது. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. போர்ச்சுகீசியர் இந்தியக் கடற்கரையில் இறங்கியது 1498ல். ஆகவே பதினோராம் நூற்றாண்டுப் பாத்திரம் 'சாவி' கேட்கக் கூடாது, திறவுகோல் கேட்கலாம். இதில் ஒரு நிதானம் வேண்டும். கதைசொல்லி இன்றைய ஆளாக இருந்தால் விவரிப்பில் 'ஜன்னல்' வருவதை நான் தொடுவதில்லை. எல்லாவற்றையும் 'சாளரம்' ஆக்கினால் நடை செத்துவிடும். பேச்சிலும், கதைக்குள் வரும் ஓலை, சாசனம், கடிதம் ஆகியவற்றிலும்தான் கறாராக இருக்கிறேன்.

அங்கேயும் பிழையா, தடயமா என்ற அதே கேள்வி காத்திருக்கிறது. 1440ல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர், நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தானப் பத்திரம் போலி என்று நிறுவினார். அவருடைய முக்கியமான சான்றுகளில் ஒன்று, அந்தக் காலத்து ரோமில் வழங்காத சொற்கள் அதில் இருந்தது. இதைப் படித்த சில மாதங்களில் எனக்கு ஒரு நாவல் வந்தது. அதில் ஒரு பழைய செப்பேட்டின் வாசகத்துக்குள் 'சாவி' இருந்தது. முன்பிருந்த நானாக இருந்தால் மாற்றியிருப்பேன். இந்த முறை ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதினேன். ஆசிரியரின் பதில் வந்தது: செப்பேடு போலி, அந்தச் சொல்தான் அதைக் காட்டிக்கொடுக்கப்போகிறது.

கேள்வி எழுதுவதற்கும் தனியாகப் பயிற்சி எடுங்கள். 'இது தவறு, சரிபார்க்கவும்' என்று எழுதினால் ஆசிரியருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். நான் எழுதும் விதம் இது: "இரண்டாம் அத்தியாயத்தில் மூன்றாம் பிறை. இங்கே நடுச்சாமத்தில் நிலா வெளிச்சம். காவலன் பொய் சொல்வதாக வைத்திருந்தால் இப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் கொலை நடந்த நாளை மாற்ற வேண்டியிருக்கும்." எங்கே, என்ன முரண், எந்த வாய்ப்பில் என்ன செய்யலாம் மூன்றும் வந்துவிட வேண்டும். கடைசி அத்தியாயத்தின் ரகசியத்தைக் கேள்விக்குள் போட்டுவிடாதீர்கள். மெய்ப்புப் பார்ப்பவரும் அதே கோப்பைத்தான் திறப்பார்.

இரண்டாவது சோதனை வேறோர் இடத்தில். அதே மூன்று மணி நேரம்தான். முதல் முக்கால் மணி நேரம் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் வாசித்தேன். எந்தப் பக்கத்தில் யார் மீது சந்தேகம் வந்தது, எங்கே கவனம் தளர்ந்தது என்று மட்டும் தனித்தாளில் குறித்தேன். அதன்பிறகே கதைச்சுருக்கம், அட்டவணை, கேள்விகள். எழுத்துப் பிழைகளுக்குக் கடைசி ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. தேர்வானேன். அவர்கள் குறிப்பிட்டுப் பாராட்டியது அந்தச் சந்தேகத் தாளைத்தான்.

இப்போதும் ஒவ்வொரு நாவலுக்கும் அந்தத் தாளை ஆசிரியருக்குத் தனியாக அனுப்புகிறேன். அண்மையில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, குற்றவாளியை 112ஆம் பக்கத்திலேயே நான் கண்டுபிடித்துவிட்டதில் கலங்கி, தடயத்தை இன்னொரு காட்சியின் நெரிசலுக்குள் மறைத்து எழுதி, மறுபடி வாசித்துச் சொல்லச் சொன்னார். கொலையாளி யாரென்று தெரிந்த கண்ணோடு அதைச் சோதிக்க என்னால் முடியாது என்று பதில் எழுதினேன். அந்தக் கதையை வாசித்திராத வேறொரு எடிட்டரின் பெயரைக் கொடுத்தேன். அவருக்கு 190ஆம் பக்கம் வரை சந்தேகமே வரவில்லையாம்.