சாவிக்கொத்துல தொங்குன பித்தள பக்கிள்

எங்க வீட்டு சாவிக்கொத்துல ரொம்ப காலமா ஒரு பித்தள பக்கிள் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சின்ன வயசுல அத வெச்சு வெளையாடிருக்கேன், இது என்னாம்மான்னு கேட்டா "தாத்தா பேக்குல இருந்தது"ன்னு சொல்லிட்டு அம்மா வேற வேலய பாக்க போயிரும். ஏஎல் பரீட்ச எழுதிட்டு ரிசல்ட்டுக்கு காத்துக்கிட்டு இருந்த நேரம், ஒருநாள் அம்மா வெளக்கு தேய்க்க கரைச்சு வெச்ச புளியில அந்த பக்கிளையும் போட்டு தேச்சேன். கறுப்பு போனதும் பின்பக்கத்துல பொடி எழுத்துல எம்.ஈ. கோ-ன்னு தெரிஞ்சுச்சு. போன்ல தேடித்தேடி கடைசியில கண்டுபுடிச்சேன், மில்ஸ் எக்யூப்மென்ட் கம்பெனி, பிரிட்டிஷ் ஆமிக்கு பெல்ட்டு, பை, வாரு எல்லாம் நெசவு செஞ்சு குடுத்த ஆளுங்க. அன்னிக்கு புடிச்ச பைத்தியம், இன்னிக்கு எங்க காம்பராவுல, அதான் லயத்து வரிச வீட்டுல எங்க அறையில, ஒரு முழு செவுத்துக்கு ஆணி அடிச்சு பழைய ஆமி பெல்ட்டு, பை, வாருன்னு மாட்டி வெச்சிருக்கேன்.

தாத்தா இலங்கை மலநாட்டுல, தேயில தோட்டத்து தொர பங்களாவுல பூந்தோட்டம் பாத்தவரு. அந்த பெரிய தொர வாலிப வயசுல சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர்ல இருந்தவராம். 1900ல தொடங்கி 1949ல கலைச்ச தொண்டர் படை அது, தோட்டத்து வெள்ளக்கார தொரைங்கதான் அதுல ஆளுங்க, தலைமையகம் கண்டியில. 1975ல கம்பெனி தோட்டமெல்லாம் அரசாங்கம் எடுத்தப்ப தொர ஊருக்கு கெளம்பிட்டாரு, போகும்போது தாத்தாக்கிட்ட ஒரு காக்கி பைய குடுத்துட்டு போயிருக்காரு. 1937 பெட்டர்ன், அதாவது ஆமி அந்த வருஷம் கொண்டாந்த மாதிரியில செஞ்ச சின்ன பேக்குன்னு இப்ப எனக்கு பேரு தெரியும், தாத்தாவுக்கு அது ரொட்டி பேக். அந்த பைக்கு உள்ளுக்கு தடுப்பு இருக்கும், தண்ணி போத்தலும் சாப்பாட்டு மெஸ் டின்னும் ஒன்னோட ஒன்னு முட்டாம நிக்கிறதுக்கு. தாத்தா ஒரு பக்கம் தேத்தண்ணி போத்தலும் இன்னொரு பக்கம் ரொட்டியும் கட்டசம்பலும் வெச்சுக்கிட்டு மலைக்கு போவாராம்.

பிறகு காலம் மாறிப்போச்சு. எண்பதுகள்ல உள்நாட்டு யுத்தம், எங்க தமிழ் ஆளுங்க வீட்டுல ஆமிக்காரன் பை மாதிரி ஒன்னு இருந்தா யாரு வந்து என்னா கேப்பாங்களோங்கிற பயம், லயத்துல அப்புடி ராத்திரியில கதவ தட்டி தேடுன கதை எல்லா வீட்டுலயும் இருக்கு. ஒருநாள் அப்பா அந்த பைய அடுப்புல வெச்சுட்டாரு. சாம்பல்ல கெடந்த பக்கிள அம்மாதான் எடுத்து சாவியில கோத்துச்சு. அப்பாவ நான் ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல, அவரு எடத்துல நான் இருந்தாலும் எரிச்சிருப்பேன்.

எதுக்கு இதையெல்லாம் சேக்குறேன்னு கேக்குறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது தியத்தலாவ கதையத்தான். எங்க அப்புத்தளையில இருந்து ரயில்ல ஏறுனா அடுத்த ஸ்டேஷன். தென்னாப்பிரிக்காவுல வெள்ளக்காரன் அங்க குடியிருந்த டச்சு வம்சத்து போயர்ங்ககூட சண்ட போட்டான் இல்லையா, 1899ல இருந்து 1902 வரைக்கும், அதுல புடிபட்ட ஆளுங்கள 1900ல இருந்து கப்பல்ல கொண்டாந்து தியத்தலாவையிலதான் அடைச்சு வெச்சான், கிட்டத்தட்ட 5000 பேரு. அந்த காலத்து சோல்ஜர் சாமான் பெரும்பாலும் தோல்ல செஞ்சது. தோலு மழையில நனைஞ்சா இழுபடும், காஞ்சா வெடிக்கும், மலநாட்டு மழைய பாத்த நமக்கு இத யாரும் சொல்லித்தர தேவையில்ல. போயர் சண்டைக்கு பிறகு பிரிட்டிஷ் ஆமி யோசிச்சு யோசிச்சு கடைசியில தோல விட்டுட்டு கெட்டி பருத்தி நாடாவுக்கு மாறுனது 1908ல. அந்த 1908 பெட்டர்ன்தான் என்னைய பொறுத்தவரைக்கும் பெரிய வேல. முன்னுக்கு தோட்டா பை, பின்னுக்கு பேக், ரெண்டு பக்க பாரமும் ஒன்ன ஒன்னு சமப்படுத்தும், தோளும் இடுப்பும் பங்கு போட்டு தாங்கும், கோட்டு மாதிரி ஒரே தரம் மாட்டி ஒரே தரம் கழட்டலாம். 1937ல வந்தது அதோட பேரப்புள்ள மாதிரி, அத போட்டுக்கிட்டுத்தான் ரெண்டாம் உலக யுத்தமே நடந்துச்சு. 1944 ஏப்ரல்ல நேச நாட்டு படைத்தளபதி மவுன்ட்பேட்டன் தென்கிழக்காசிய கட்டளை தலைமையகத்த பேராதெனிய பூந்தோட்டத்துக்கு கொண்டாந்தாரு, அந்த வருஷங்கள்ல நாடு பூரா ஆமிக்காரன், அதனாலதான் 80 வருஷம் கழிச்சும் பழைய இரும்பு வாங்குற கடையில சாக்குக்கு அடியில ஒரு பெல்ட்டு கெடக்குது.

வாங்கும்போது நான் முதல்ல பாக்குறது அம்புக்குறி. கோழிக்கால் தடம் மாதிரி மூணு கோடு, அரசாங்க சாமான்னு அர்த்தம், பக்கத்துலயே வருஷமும் கம்பெனி பேரும் மையில குத்தியிருக்கும். ‘சி’ எழுத்துக்கு உள்ள அம்பு இருந்தா கனடா. அம்புக்கு கீழ ‘ஐ’ இருந்தா இந்தியாவுல செஞ்சது, நெசவு கொஞ்சம் லூசா இருக்கும், சிலர் அத வேணான்னு தள்ளி வெச்சுருவாங்க, நான் தள்ள மாட்டேன், நம்ம பக்கத்துல பொழங்குன சாமான் அது. பிறகு நாடாவ விரல்ல மடிச்சு பாப்பேன். நூலு உள்ளுக்குள்ள இத்துப்போயிருந்தா மடிக்கிற எடத்துல மெல்லிசா நொறுங்குற மாதிரி ஒரு சத்தம் வரும், அப்புடி வந்தா என்னா வெல சொன்னாலும் பாரம் தாங்காது, செவுத்துல மாட்டத்தான் ஆகும். பழைய எனாமல் தண்ணி போத்தல் கெடைச்சா டோர்ச் அடிச்சு உள்ள பாருங்க, எனாமல் தெறிச்சு துரு புடிச்சிருந்தா அதுல தண்ணி குடிக்காதீங்க. போத்தல சுத்தி இருக்குற கம்பளி துணிய நனைச்சு விட்டா காத்துல காஞ்சு உள்ள தண்ணி குளுந்து போகும், அதுதான் அதோட வேல. ஆனா எங்க மூட்டத்துல அது நாலு நாளைக்கு காயாது, பூஞ்சணம் புடிச்சு நாறும், அதனால நான் மலைக்கு கொண்டு போறது 1958 பெட்டர்ன் பிளாஸ்டிக் போத்தலத்தான், மேல கறுப்பு கோப்ப கவுத்து வெச்சிருக்குமே அது. அழகுன்னு பாத்தா 1944 பெட்டர்ன் அலுமினிய போத்தல்தான், அடியில கோப்பயோட. அந்த செட்டே காட்டுச்சண்டைக்குன்னு பாரத்த கொறைச்சு, சீக்கிரம் இத்துப்போகாத மாதிரி செஞ்சது. ஆனா யுத்தம் முடியிற நேரத்துலதான் வந்து சேந்துச்சு, பிறகு மலாயா காட்டுச்சண்டையிலதான் நல்லா ஒழைச்சுச்சு.

கழுவுறதுல நெறைய பேரு சாமான கெடுத்துக்குறாங்க. பிளீச்சிங் போடவே கூடாது, சுடுதண்ணியும் வேணாம். அந்த காலத்து சோல்ஜருங்க நாடாவுக்கு பிளாங்கோன்னு ஒரு பொடிய தண்ணியில கொழச்சு பூசுவாங்க, அது வருஷக்கணக்கா அடுக்கு அடுக்கா ஏறியிருக்கும். பச்சத்தண்ணியில ஊறப்போட்டா தண்ணி பச்சையா காக்கியா கலங்கும், தண்ணி தெளியிற வரைக்கும் மாத்தி மாத்தி ஊத்தி, சாதா சவர்க்காரம் போட்டு மெல்லிசான பிரஷ்ல தேச்சு, நெழல்ல காயப்போடணும். முத்திர இருக்குற எடத்த மட்டும் தேய்க்க கூடாது, அந்த மை போச்சுன்னா அதோட பொறந்த வருஷமே போச்சு. பித்தளைக்கு புளிதான். அப்புடியே கறுப்பா விடணும்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஆனா கறுத்த பக்கிள் ஓரத்துல ஒரு பச்ச பாசி கட்டும், அது நாடாவ அரிக்கும், அதனால நான் தேய்ப்பேன், தேச்ச பிறகு புளி ஒட்டியிராம நல்லா அலசிருவேன்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம மச்சானும் நானும் தண்டவாளத்து பக்கமா இதல்கஸ்ஹின்ன பக்கம் நடப்போம். தோள்ல 37 பேக், அதுல மெஸ் டின் செட்டு, ஒன்னுக்குள்ள ஒன்னு போற ரெண்டு நீளச்சதுர டின், கைப்புடி மடிஞ்சு பக்கத்துல ஒட்டிக்கும். ஆமிக்காரன் இதுக்கு ஹெக்ஸமின் கட்டி எரிப்பான், அது நம்ம பக்கம் லேசுல கெடைக்காது, கெடைச்சாலும் அடைச்ச எடத்துல பத்த வெச்சா அந்த பொக ஒடம்புக்கு கெட்டது. நமக்கு எதுக்கு அது, தேயில செடிய கவ்வாத்து வெட்டுன மலையில மிலாறு, அதான் வெட்டிப்போட்ட குச்சி, கெடக்குது. விரல் மொத்தத்துக்கு காஞ்ச மிலாறா பாத்து சாண் அளவுக்கு ஒடிச்சு, மூணு கல்லுக்கு நடுவுல கூடு மாதிரி அடுக்கி பத்த வெச்சா ஒரு டின் தண்ணி நாங்க செருப்ப கழட்டி கால்ல ஏறுன அட்டைய பிச்சு போட்டு முடிக்கிறதுக்குள்ள கொதிச்சிரும். அப்புத்தளை 1400 மீட்டருக்கு மேல, இங்க தண்ணி 95 டிகிரி மாதிரியே கொதிக்கும், தேத்தண்ணிக்கு பிரச்சன இல்ல, ஆனா சோறு கீழ ஊருல ஆக்குற நேரத்துக்கு வேகாது, சின்ன டின்ன மேல கவுத்து மூடி வெச்சு கூட ஒரு பத்து நிமிஷம் விடணும். டின்னுல நேரா வாய வெச்சு குடிக்காதீங்க, அலுமினிய ஓரம் ஒதட்ட சுட்டுரும், கோப்பயில ஊத்தி ஆத்தி குடிங்க. நெருப்ப தண்ணி ஊத்தி அணைச்சு, சாம்பல கையால தொட்டு பாத்துட்டுத்தான் எந்திரிப்போம், மானா புல்லு பத்திக்கிச்சுன்னா மல பூரா போயிரும்.

ரெண்டு விஷயம் மட்டும் கண்டிப்பா சொல்லணும். ஆமிக்காரன் போடுற கமோ பிரிண்ட் உடுப்பு, அந்த துணியில தச்ச பேக், இதையெல்லாம் ஒன்லைன்ல எவ்வளவு மலிவா போட்டிருந்தாலும் வாங்காதீங்க. இந்த நாட்டுல சாதாரண ஆளு அத போட்டுக்கிட்டு ரோட்டுல நடக்க ஏலாது, நம்ம பேருக்கும் பாஷைக்கும் கேள்வி இன்னும் ரெண்டு கூட வரும். பழைய ஒத்த நெற காக்கி கென்வஸே போதும். இன்னொன்னு யுத்த காலத்து கொம்பஸ். இருட்டுல தெரியிறதுக்கு அதுல பூசுன பெயிண்ட்ல ரேடியம் இருக்கு, மினுக்கம் எப்பவோ செத்துப்போயிருந்தாலும் ரேடியம் சாகாது, அத தெறந்து சொரண்டி பாக்கவே கூடாது. என்கிட்ட ஒன்னு வந்துச்சு, கண்ணாடி வெடிச்சிருந்ததால வேணான்னு திருப்பி குடுத்துட்டேன்.

இப்ப அம்மா கதைக்கு வாறேன், இத எழுத ஒக்காந்ததே அதுக்குத்தான்.

அம்மா தோட்டத்துல கொழுந்து எடுக்குது, இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. முழுப்பேர், அதான் ஒருநாள் முழு சம்பளம், போட 18 கிலோ எடுக்கணும், மழையில நனைஞ்ச கொழுந்துன்னா கூடை இன்னும் கனக்கும். கூடைக் கயிறு நெத்திக்கு மேல, உச்சியில. அந்த எடத்துல அம்மாவுக்கு முடி இல்ல, கயிறு ஓடுற அகலத்துக்கு ஒரு ஒத்தையடிப் பாதை மாதிரி தேஞ்சிருக்கு, எண்ண வெக்கும்போது தொட்டு பாத்திருக்கேன். ஒருநாள் நான் செவுத்துல இருந்த 37 தோள்வாரு ஒன்ன தொடைச்சுக்கிட்டு இருந்தேன். அது பூரா ஒரு இஞ்சி அகலம், தோள்ல படுற எடத்துல மட்டும் ரெண்டு இஞ்சி. மில்ஸ் கம்பெனி அத தச்சு ஒட்டல, தறியிலயே அகலத்த கூட்டி பிறகு கொறைச்சு நெஞ்சிருக்கு, தோளு வலிக்க கூடாதுன்னு ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சிருக்கான். அப்பதான் எனக்கு நெஞ்சு அடைச்சுச்சு. அதே வெள்ளக்காரன், அதே மல. சோல்ஜரு தோளுக்கு இவ்வளவு கணக்கு போட்டவன், அவனுக்கு கொழுந்து எடுத்த எங்க அப்பாயி உச்சந்தலைக்கு ஒரு துண்டு கயிறுதான் வெச்சான். அவன் போயி இத்தன வருஷத்துக்கு பிறகும் அதே கயிறு. என் செவுத்துல இருக்குற ஒவ்வொரு சாமானையும் நான் ஆசையாத்தான் வெச்சிருக்கேன், ஆனா அன்னிக்கு அதுங்க மொகத்த பாக்க முடியல.

மறுநாள் ரெண்டு தோள்வார கூடையில மாட்டி ஆமிக்காரன் மாதிரி தோள்ல போட்டு விட்டேன். அம்மா பத்து நிமிஷம் எடுத்து பாத்துட்டு கழட்டிருச்சு. "கொழுந்த பின்னுக்கு வீசுறப்ப வாரு குறுக்க வருதுடா, கூடையும் கீழ எறங்கிருது, கைய பின்னுக்கு கொண்டு போக ஏலல." நான் போட்ட கணக்கு எல்லாம் தப்பு. சோல்ஜருக்கு ரெண்டு கையும் முன்னுக்கு வேணும், கொழுந்து எடுக்குறவங்களுக்கு தோளு திறந்து இருக்கணும். பிறகு அம்மாவே ஒரு வார எடுத்து, அகலமான பக்கத்த தலையில வெச்சு, ரெண்டு முனையையும் கூடைக் கயிறோட பக்கிள்ல கோத்து பாத்துச்சு. தாத்தாவோட அந்த பழைய பக்கிளும் அதுல ஒன்னு. மழைக்கு மூடுற கொங்காணிய மேல போட்டுக்கிட்டு மலைக்கு போயிருச்சு, சாயந்தரம் வந்து "முடிய இழுக்கல, வெட்டுற மாதிரியும் இல்ல"ன்னு சொல்லுச்சு. கழுத்து வலி அப்புடியேதான் இருக்கு, அது பாரத்தோட வலி, நாடாவால தீராது.

1942ன்னு முத்திர குத்துன வாரு, சேக்குறவங்க யாரும் பாத்தா என்னைய ஏசுவாங்க, மழையில நனைய விடுறேன்னு. நனையட்டும், அத நனையிறதுக்குத்தான் செஞ்சாங்க. ஒரு வெட்டு வெட்டல, ஒரு தையல் போடல, சனிக்கிழம கழுவி நெழல்ல காயப்போடுறேன்.

இப்ப பக்கத்து காம்பரா அத்தைக்கும் வேணுமாம், மேல் லயத்துல இன்னும் நாலு பேரு சொல்லிவிட்டிருக்காங்க. பழைய வாரு அத்தனை கெடைக்காது, அதனால பண்டாரவளையில ஒரு டெய்லர்கிட்ட அளவு குடுத்து பருத்தி நாடாவுல ரெண்டு தச்சு பாத்தேன், நடுவுல ரெண்டு இஞ்சி, ஓரம் ஒரு இஞ்சி. நைலோன் நாடா மலிவுதான், ஆனா நனைஞ்சா தலையில வழுக்குது. அத்தை தன்னோடத போட்டு பாத்துட்டு மூணு இஞ்சி நீளம் காணாதுன்னு சொல்லுச்சு, குளிருக்கு கம்பளித்துணிய மடிச்சு வெச்சு அதுக்கு மேலதான் வாரு வெக்குமாம். அந்த அளவ எழுதி வெச்சிருக்கேன், ஞாயித்துக்கிழம சந்தைக்கு போறப்ப பருத்தி நாடா கெடைச்சா பத்து யார்ட் வாங்கணும்.