கூரையைப் பார்த்தால் தெரியாதா?

அப்பா பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர்த் தொட்டியைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, "கசியுது" என்பார். அவரையும் அம்மாவையும் போன கோடையில் திருநெல்வேலியிலிருந்து விச்சிட்டாவுக்கு வரவழைத்திருந்தேன்.

விச்சிட்டா, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் இருக்கிறது. விமானத் தொழிற்சாலைகளும் கோதுமை வயல்களும் நிறைய உண்டு. ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிப்போய்க் காட்டத்தான் பெரிதாக ஒன்றும் கிடையாது. மூன்றாவது நாளே சரக்குத் தீர்ந்துபோய், பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பீட்சா ஹட் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். ஆமாம், அதற்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1958-இல் டான் கார்னி, ஃபிராங்க் கார்னி என்ற அண்ணன் தம்பி இருவர் தொடங்கிய முதல் கடையின் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு வந்து வளாகத்தில் வைத்து, 2018-இல் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். சின்னச் செங்கல் கட்டடம். நம் ஊர் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

"கட்டடத்த அப்படியே தூக்கிட்டு வந்தானா? அஸ்திவாரம்?" என்று அப்பா வெளியிலேயே இரண்டு சுற்று சுற்றினார்.

உள்ளே போன பிறகு கதை சொன்னேன். அண்ணன் தம்பி இருவரும் அம்மாவிடம் 600 டாலர் கடன் வாங்கித்தான் கடை போட்டார்கள். 'பீட்சா' என்று ஆங்கிலத்தில் எழுதியது போக, போர்டில் இன்னும் மூன்று எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. கட்டடம் குடிசை மாதிரி இருக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொல்ல, மூன்றே எழுத்தில் குடிசைக்கு ஓர் ஆங்கில வார்த்தையும் இருக்க, பெயர் அமைந்துவிட்டது.

"வட்டி எவ்வளவு?" என்றார் அப்பா.

"பெத்தவகிட்ட வாங்குனதுக்கு எவன் வட்டி குடுத்தான்?" என்றார் அம்மா. பார்வை என் பக்கம் இருந்தது. நான் அடுத்த படத்துக்கு நகர்ந்தேன்.

அப்பாவுக்கு உற்சாகம் வந்தது இரண்டு தகவல்களில். ஒன்று, கடை வருவதற்கு முன் அந்தக் கட்டடம் ஒரு சாராயக்கடையாக இருந்தது. இரண்டாவது, அந்தப் புகழ்பெற்ற சிவப்புக் கூரை. முதல் கடைக்கு அந்தக் கூரை இல்லை. அது 1960-களில் வந்தது. வரைந்தவர் ரிச்சர்ட் பர்க் என்ற விச்சிட்டா கட்டடக் கலைஞர். அவர் முதலில் கேட்ட தொகையைக் கொடுக்க கார்னிகளிடம் வசதி இல்லை. கட்டப்படும் ஒவ்வொரு கடைக்கும் 100 டாலர் என்று பேசி முடித்தார்கள். அப்புறம் கடை ஊர் ஊராக முளைத்தது.

"மனுசன் பொழைக்கத் தெரிஞ்சவன்லே" என்றார் அப்பா. "நானும் எத்தன பாலத்துக்கு எஸ்டிமேட் போட்டேன். பாலத்துக்கு நூறு ரூவான்னு கேட்டிருக்கலாம்."

"கேக்காமலே சில பேரு வாங்குனாங்க. அதான் நீங்க கேக்கல" என்றார் அம்மா.

அன்று பிடித்தது வினை. அந்தக் கூரையை அமெரிக்காவில் யாரும் மறக்க முடியாது. பாதி உயரம் வரை மெதுவாகச் சரிந்து ஏறும், நடுவில் சட்டென்று தொப்பி வைத்த மாதிரி எழும்பும். கீழே ஜன்னல்கள் எல்லாம் சரிவகம். ஏழாம் வகுப்புக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் மறந்தே போயிருந்தேன். அப்பா பரப்பளவுச் சூத்திரத்தோடு ஞாபகப்படுத்தினார். இப்போது பலரும் பீட்சாவை வீட்டுக்கே வரவழைத்துச் சாப்பிடுவதால், உட்கார்ந்து சாப்பிடும் பெரிய கடைகள் வேண்டாத பாரமாகிவிட்டன. 2019-இல் மட்டும் இரண்டு வருடத்துக்குள் 500 கடைகள் வரை மூடப்போவதாக அறிவித்தார்கள். கட்டடம் எங்கே போகும்? வேறு யாராவது வாங்குகிறார்கள். போர்டை மாற்றிக் கூரைக்கு வேறு பெயின்ட் அடிக்கிறார்கள். கூரையைப் பிரித்துக் கட்ட மட்டும் எவருக்கும் மனசும் காசும் வருவதில்லை.

ஆகவே அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. காரில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஏலே, அந்தா ஒண்ணு!" என்பார். பார்த்தால் பல் டாக்டர். "அந்தா!" என்றால் சம்பள நாள் வரை கைமாற்றாகக் கடன் கொடுக்கும் கடை. அப்புறம் சீன பஃபே ஒன்று, பச்சைக் கூரையோடு. ஒரு நாள் மதுக்கடை ஒன்று சிக்கியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "சாராயக்கடை பீட்சா கடையாச்சு. பீட்சா கடை சாராயக்கடையாச்சு. கணக்கு டேலி ஆயிட்டு" என்றார்.

இதே ஊரில் 1921-இல் வெள்ளைக் கோட்டை வடிவத்தில் பர்கர் கடை கட்டி ஒயிட் காஸில் தொடங்கினார்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கோட்டையைக் காட்டு என்று இரண்டு நாள் பிடுங்கல். அவர்கள் 1938-லேயே விச்சிட்டாவைக் காலி செய்துவிட்டார்கள் என்று சொல்லி நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "பொறந்த ஊர்லயே கடை இல்லையா?" என்றார். அல்வாக்கடை எல்லாம் சென்னைக்குப் போய்விட்டு நெல்லையில் ஒன்றுகூட இல்லை என்றால் எப்படி இருக்கும், அந்த அதிர்ச்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை டாட்ஜ் சிட்டி பார்க்கக் கிளம்பினோம். மேற்கே 150 மைல், நேர்கோடாக ஒரு சாலை, இரு பக்கமும் வயல். அப்பாவுக்குச் சர்க்கரை. மணிக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். ஒரு சின்ன ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினால், அங்கே பாத்ரூம் கதவில் 'பழுது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அப்பா சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். சாம்பல் நிறத்தில் அதே தொப்பிக் கூரை.

"அது இப்ப என்ன கடைன்னு தெரியலப்பா. இருங்க, நானும் வாரேன்."

"கூரையப் பாத்தா தெரியாதாலே? இவ்வளவு கார் நிக்குது. நல்ல ஓட்டலாத்தான் இருக்கும்." சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்துவிட்டார்.

பெட்ரோல் போட்டேன். கண்ணாடி துடைத்தேன். இருபது நிமிடமாயிற்று. அம்மா, "உங்கப்பா உக்காந்து சாப்புடுதாரோ?" என்றார். கடந்து போய் போர்டைப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. இறுதிச் சடங்கு நிலையம். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டு.

உள்ளே மெல்லிய பியானோ இசை. ஒரு மேஜையில் வருகைப் பதிவேடு, பக்கத்தில் பேனா. அதில் கடைசி வரி அப்பாவுடையது: இனிஷியலோடு பெயர், 'உதவிப் பொறியாளர் (ஓய்வு), பொ.ப.து., திருநெல்வேலி'. கையெழுத்துக்குக் கீழே பழக்க தோஷத்தில் தேதி வேறு போட்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது வரிசை நாற்காலியில் கட்டம் போட்ட சட்டையோடு அப்பா. ஒரு கையில் காபி. இன்னொரு கையை வெள்ளை முடிப் பாட்டி ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு அடி தள்ளித் திறந்த பெட்டியில் ஒரு பெரியவர் நிம்மதியாகப் படுத்திருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் பாட்டி முந்திக்கொண்டார். "உன் அப்பாவா? அருமையான மனிதர்." நடந்தது இதுதான்: பாத்ரூம் போய்விட்டு வெளியே வந்த அப்பாவிடம் பாட்டி, "என் கணவரை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அந்த உச்சரிப்பு பிடிபடவில்லை. என்ன வேண்டும் என்று கேட்பதாக நினைத்து, "பீட்சா" என்று சொல்லியிருக்கிறார். பாட்டி ஒரு நொடி திகைத்து, அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருக்கிறார். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது வெள்ளிக்கிழமை தவறாமல் அவர்கள் குடும்பமே இதே கட்டடத்தில்தான் சாப்பிட்டதாம். சிவப்புப் பிளாஸ்டிக் டம்ளர், மேலே வண்ணக் கண்ணாடி விளக்கு, எல்லாம் சொன்னார். பெட்டி வைத்திருந்த இடத்தைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "அங்கேதான் சாலட் மேஜை இருந்தது. ஒரு தட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்று முறை போய் வருவார்" என்றார். அவருடைய மகன் கூடச் சிரித்துவிட்டார். அப்பா ஒன்றும் புரியாமல், ஆனால் மிகுந்த மரியாதையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

விடைபெறும்போது பெட்டி அருகே நின்று கைகூப்பிக் கும்பிட்டார் அப்பா. பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு குக்கீயைக் காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடுத்தார்.

உண்மையான சிக்கல் காருக்குப் பக்கத்தில் காத்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா உள்பக்கம் கதவைப் பூட்டிக்கொண்டார்.

"துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தவங்கள குளிக்காம வண்டியில ஏத்த மாட்டேன்."

"அம்மா, குளிக்கறதுக்கு இங்க ஆத்துக்கா போக முடியும்?"

"நீயும்தான் உள்ள போன. நீயும் ஏறாத."

கடைசியில் குடிநீர்ப் பாட்டில்களில்தான் முடிந்தது. பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில், கான்சஸ் வெயிலில், அப்பா தலையில் ஒன்றரைப் பாட்டில், என் தலையில் அரைப் பாட்டில். லாரி ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தார். எங்களுக்கு ரொம்பப் புழுங்குகிறது என்று நினைத்தோ என்னவோ, தன் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டி, வேண்டுமா என்று சைகை செய்தார். குக்கீயை அம்மா குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். அப்பாவுக்கு அதில்தான் வருத்தம்.

ஈரச் சட்டையோடு அரை மணி நேரம் ஓட்டியிருப்போம். யாரும் பேசவில்லை. அடுத்த ஊர் எல்லையில் அந்தக் கூரை மறுபடி வந்தது. இந்தத் தடவை சாம்பல் இல்லை, பச்சை இல்லை, சிவப்பே சிவப்பு. போர்டும் பழைய போர்டுதான். சரிவக ஜன்னலில் 'திறந்திருக்கிறது' என்று எரியும் விளக்கு. சுத்தமான, உயிரோடு இருக்கும் பீட்சா ஹட். எல்லோருக்கும் கொலைப் பசி.

வண்டியை நிறுத்தினேன். அப்பா இறங்கவில்லை. சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, நீ மொதல்ல போயி, உள்ள யாராவது படுத்திருக்காங்களான்னு பாத்துட்டு வா."