பதினோரு மணி டீ

ஜூலை 1
காலை 6.10. சிகரெட்டை விட்டாச்சு. பாக்கெட், லைட்டர், ஆஷ் ட்ரே எல்லாம் குப்பைத் தொட்டியில். சாமி விளக்குத் தீப்பெட்டி மட்டும் மிச்சம். அதை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றியாச்சு.

ஜூலை 2
24 மணி நேரம். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு பெருமளவு இறங்கியிருக்கும். உடம்புக்கு அதெல்லாம் தெரிந்த மாதிரி இல்லை. கை சட்டைப்பைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

நிக்கோட்டின் கம், 2 மில்லிகிராம். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிற ஆட்களுக்கு 4 மில்லிகிராம், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். பபிள்கம் மாதிரி மென்றால் காசுதான் தண்டம். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகு கடித்தது போல் சுரீர் என்றதும் மெல்லுவதை நிறுத்திவிட்டு, வெற்றிலை அதக்குகிற மாதிரி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அதக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, மறுபடி அதக்கு, இந்த முறை வேறு பக்கம். அரை மணி நேரம் வரும். நிக்கோட்டின் ஏறுவது வாயின் உட்தோல் வழியாக. அவசரமாக மென்று எச்சிலை விழுங்கினால் அது வயிற்றுக்குப் போய்விடும். மிச்சம் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான். டீ, காபி, கலர் குடித்தால் கால் மணி நேரம் கழித்தே கம். வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் சரியாக ஏறாது. கம் வேலை செய்யவில்லை என்கிறவர்களில் பாதிப் பேர் டீயோடு மென்றவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஜூலை 3
யாரும் பேச வேண்டாம்.

ஜூலை 4
சிகரெட் வெறிக்கு நேற்றுதான் உச்சம் என்கிறார்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள். இருக்கலாம். ஒரு வெறி வந்தால் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தால் அது இன்னும் நீளும். ஒரு சொம்புத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்து முடிப்பதற்குள் பாதி இறங்கிவிடுகிறது.

பதினோரு மணி டீக்கு என்ன செய்வது?

ஜூலை 5
கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி இரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழிப்பு. எல்லாப் பழியும் சிகரெட்டை விட்டதன் மேல். ஆனால் டீக்கும் இதில் பங்கு உண்டு. புகையிலுள்ள தார்ப் பொருள்கள் ஈரலைத் தூண்டிவிடும், அதனால் காஃபீன் சீக்கிரம் கரைந்துபோகும். புகை நின்ற சில நாளில் ஈரலின் வேகம் குறையும். அதே ஐந்து டீ, உடம்பில் இப்போது கூடுதல் நேரம் தங்கும். ஆகவே பாதியாகக் குறைக்க வேண்டும், மாலை நாலு மணிக்கு மேல் கூடாது. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை விடுவதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். அந்த மருந்தும் இதே கணக்கில் ரத்தத்தில் ஏறும்.

டீக்கடையில் பற்ற வைக்கிற கயிறு வெளித்தூணில் புகைந்துகொண்டிருந்தது. மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. கிளாஸை உள்பெஞ்சில் கொண்டுபோய் வைத்தார்.

ஜூலை 7
பஸ் ஸ்டாப்பில் கிடந்த காலி சிகரெட் பெட்டி. படத்தோடு 1800-11-2356. 2018 செப்டம்பரிலிருந்து பெட்டியிலேயே அச்சாகி வருகிற, சிகரெட்டை விட உதவுகிற இலவச எண். உதிரியாக வாங்குகிறவன் கண்ணில் அது படவே படாது. கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை உருவித் தருவார், பெட்டி அவரிடமே நின்றுவிடும். தமிழிலும் பேசுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை, முதல் சிகரெட் எத்தனை மணிக்கு, முன்பு விட்டது எப்போது, எதனால் திரும்ப ஆரம்பித்தது என்று கேட்கிறார்கள். அறிவுரை குறைவு. பிறகு அவர்களே திரும்பக் கூப்பிடுகிறார்கள். எதிரி முகாமிலிருந்து வந்த உதவி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 9
இருமல் கூடியிருக்கிறது. மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. பயந்துபோய் இங்கேயே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. சில வாரத்தில் அடங்க வேண்டும். சளியில் ரத்தம் கண்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

ஜூலை 10
மலச்சிக்கல். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கீரை, கொய்யா, தண்ணீர்.

ஜூலை 13
ஹெல்மெட்டின் உள்பஞ்சு நாறுகிறது. இரண்டு வாரம் முன்புவரை அதில் நாற்றமே கிடையாது. ஷாம்பூத் தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, பிழியாமல் அழுத்தி எடுத்து, நிழலில் காயப்போட்டாச்சு. வெயிலில் போட்டால் பஞ்சு பொரிந்துவிடும்.

ஜூலை 15
ஒன்று. 11.20. பாதியில் அணைத்தது.

ஜூலை 16
கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. பதினாலு நாளில் பாதி. எங்கே, எத்தனை மணிக்கு, யார் கையிலிருந்து வந்தது என்று மூன்றையும் எழுதிவைத்தால் போதும். வெளிப்பெஞ்ச். பதினோரு மணி. கேட்காமல் நீட்டிய கை. நேற்றுக் காலையிலிருந்து ஒரு கம் கூட மெல்லவில்லை, 'இனித் தேவையில்லை' என்று. முதல் ஆறு வாரம் மணிக்கொன்றோ இரண்டு மணிக்கொன்றோ வேண்டும், அதன்பிறகுதான் இடைவெளியை நீட்டுவது. ஒரு நாளைக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. கொஞ்சம் தேறியதும் குறைத்துவிடுவதுதான் எல்லோரும் பண்ணுகிற தப்பு.

ஜூலை 18
உள்பெஞ்ச்.

ஜூலை 22
கடிகாரம் 11.40. பதினோரு மணி எப்போது போனது?

ஜூலை 24
கம் மூன்றுதான் மிச்சம். மருந்துக்கடையில் புதினா தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வருமாம். இஞ்சி வாசனை வேண்டுமா என்று கேட்டார்கள்.