ஆயில் ஒழுகலை வீட்டிலேயே நிறுத்தினேன், மூன்றாவது தடவையில்

இன்று காலை காருக்கு அடியிலிருந்து அட்டையை இழுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. ஒன்பதாவது நாளாக அட்டை காய்ந்தே கிடக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் தினமும் உள்ளங்கை அகலத்துக்குக் கறை இருக்கும்.

வண்டிக்கு 17 வயது. கறை பெரிதானதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் அடியில் டார்ச் அடித்து அரை நிமிடம் பார்த்தார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடம் நனைந்திருந்தது. “கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்” என்றார். கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் அடைக்கும் அந்த வளையத்தின் விலை குறைவுதான். அதை எட்டுவதற்குப் பாதி வண்டியைக் கழற்ற வேண்டும், அந்தக் கூலிதான் பயமுறுத்தியது. கியர்பாக்ஸ் இறக்க ஒரு தேதியையும் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் பானெட்டைத் திறக்காமலேயே அவர் எப்படி முடிவு செய்தார் என்ற கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

முதலில் எளிதானதைச் செய்து பார்ப்போம் என்று, ஆயில் மாற்றும்போது, அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போட்டேன். அந்த வாஷர் நசுங்கித்தான் அடைக்கும் என்பதால் பழையதைத் திரும்பப் போடவே கூடாது. ஃபில்டரைக் கழற்றியதும் அதன் பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மறுநாள் அட்டையில் அதே கறை.

அதற்கப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: இன்ஜினைக் கழுவினேன். ஆயில் எங்கே கசிந்தாலும் கீழேதான் இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நனைந்திருக்கும் இடங்களில் எது ஆக உயரத்தில் இருக்கிறதோ, அதைத் தேடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஆல்டர்னேட்டரையும் ஒயர் கனெக்டர்களையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீஸர் ஸ்ப்ரே போட்டுத் தேய்த்துத் துடைத்தேன். சூடான இன்ஜின்மேல் இந்த ஸ்ப்ரேக்களை அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கலாம். பிறகு 20 கிலோமீட்டர் ஓட்டி வந்து மேலிருந்து டார்ச் அடித்தேன்.

இன்ஜினின் உச்சியில் மூடியாக இருக்கும் டேப்பட் கவரின் பின்மூலையில் மெல்லிய பளபளப்பு. அங்கிருந்து ஒரு கோடு இன்ஜின் முதுகு வழியாக இறங்கி, நேராகக் கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் போய் முடிந்தது. மெக்கானிக் பார்த்த ஈரம் இதுதான். ஒரு கிளை சைலன்சர் குழாய் பக்கம் போயிருந்தது. சிக்னலில் நிற்கும்போது வந்த தீய்ந்த வாடைக்கும் அதுதான் காரணம். அந்த வாடை வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

டேப்பட் கவர் பேக்கிங்தான் (கவரின் ஓரத்தை அடைக்கும் ரப்பர்) போயிருக்கிறது என்று தெரிந்ததும் உற்சாகமாகக் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் வண்டியின் பெயரை மட்டும் கேட்டார், ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். இன்ஜின் நம்பரை எழுதி எடுத்துப் போயிருந்தேன், அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. வீட்டில் கவரைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் போல்ட் வரும் இடங்களே வேறு. ஒரே மாடலில் இரண்டு வகை இன்ஜின் வந்திருக்கிறது. திறந்து போட்ட இன்ஜினைத் துணியால் மூடிவிட்டு, மறுபடியும் கடைக்கு அலைந்தேன். பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். இந்த முறை பழைய பேக்கிங்கின் துண்டுகளைக் கையோடு கொண்டுபோய்க் கவுன்டரிலேயே பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

துண்டுகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய பேக்கிங்கை விரலில் சுற்றலாம், அவ்வளவு மெத்தென்று இருக்கும். பழையது வெப்பத்தில் வெந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. வளைத்தால் ‘பட்’டென்று உடைந்தது. கழற்றும்போது நகத்தளவு துண்டு ஒன்று, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டின் பக்கம் விழுந்துவிட்டது. அதைச் சிமிட்டாவால் எடுத்து முடிப்பதற்குள் கால் மணி நேரம் ஆனது. கவரைத் தூக்கியதும் ஆயில் இறங்கும் ஓட்டைகளில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள், மூடும் முன் எடுக்கவும் மறக்காதீர்கள். அலுமினியப் பரப்பைச் சுரண்ட இரும்புத் தகடு வேண்டாம், கீறினால் அந்தக் கீறல் வழியாகவே கசியும். பிளாஸ்டிக் அட்டை போதும்.

ஸ்பார்க் பிளக் இருக்கும் குழிகளையும் பாருங்கள். எனக்கு மூன்றாவது குழியில் ஆயில் தேங்கியிருந்தது, பிளக்கின் மேல் இருக்கும் இக்னிஷன் காயிலை உருவியபோது அதன் நுனி சொட்டியது. குளிர்ந்த இன்ஜின் காலையில் மிஸ் ஆகித் தடுமாறியதற்கு விடை கிடைத்தது. அந்த ஆயிலை ஒற்றி எடுக்காமல் பிளக்கைக் கழற்றினால் அது நேராக சிலிண்டருக்குள் போகும். குழியைச் சுற்றி வரும் ரப்பர் வளையங்களையும் பேக்கிங்கோடு சேர்த்து மாற்றிவிட்டேன்.

அடுத்தது நான் செய்த பெரிய தவறு. கவர் போல்ட்கள் 6 எம்எம், 10-ம் நம்பர் சாக்கெட். கையேட்டில் 10 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கினேன். நடுவிலிருந்து வெளியே, மாற்றி மாற்றி, எல்லாம் சரியாகப் போனது. கடைசி போல்ட்டில், கசிந்த மூலை இதுதானே, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஒரு கால் சுற்று. இறுகிக்கொண்டே வந்த ராட்செட் திடீரென்று வெண்ணெயில் சுற்றுவது போல இளகியது. போல்ட்டின் தலை சாக்கெட்டோடு கையில் வந்துவிட்டது. வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது.

கவரை மறுபடி கழற்றினேன். நல்ல வேளை, உடைந்த தண்டு 5 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துரு இளக்கும் ஆயிலை விட்டு இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் வைஸ் கிரிப்பால் இறுகக் கவ்வி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினேன். அசைந்தது! தலை போனதும் இழுவிசையும் போய்விடுவதால், மரை கெடாத வரை தண்டு சுலபமாகவே வரும் என்று அன்று புரிந்துகொண்டேன். முழுதாக வெளியே வந்த அந்தத் துண்டு இன்னும் என் டூல் பெட்டியில் இருக்கிறது. அன்றே டார்க் ரெஞ்ச் ஒன்று இரவல் வாங்கினேன், புது போல்ட் போட்டு மூடினேன்.

ஐந்து நாள் கழித்து அதே மூலையில் மறுபடியும் ஈரம். அழுகையே வந்துவிட்டது.

இந்தத் தடவை கையேட்டை வரி விடாமல் படித்தேன். கேம்ஷாஃப்டைப் பிடிக்கும் மூடி ஹெட்டோடு சேருகிற மூலைகளில், பேக்கிங் வைக்கும் முன் சிலிகான் பேஸ்ட் வைக்க வேண்டும். அங்கே இருக்கும் சிறு படியை ரப்பர் மட்டும் அடைக்காது. பட்டாணி அளவு போதும். அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, சம்பில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் ஒட்டாமல் துடைத்துவிட்டு வைத்தேன். மூடிய பிறகு 24 மணி நேரம் ஸ்டார்ட் செய்யவில்லை.

கூடவே, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் கழற்றி ஆட்டிப் பார்த்தேன். நல்ல வால்வு கடகடவென்று சத்தம் போடும், என்னுடையது கரி பிடித்து ஊமையாக இருந்தது. இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால், எவ்வளவு புது பேக்கிங் போட்டாலும் அழுத்தம் ஆயிலை வெளியே தள்ளும். வால்வையும் விறைத்துப்போன அதன் குழாயையும் மாற்றினேன்.

இடையில் தினமும் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றினேன். ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். பழைய வண்டிகளில் அது அழுத்தம் விழுந்தால்தான் எரியும், அளவு குறைந்தால் எரியாது.

இன்று அட்டையோடு நிறுத்தவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது) கியர்பாக்ஸ் சேருமிடத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. எழுந்து கை கழுவிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்து, அடுத்த வாரம் கியர்பாக்ஸ் இறக்க வேண்டாம் என்று சொன்னேன்.